யூரியாவை நிறுத்தப் போகிறவர்களுக்கு: படுவான்கரையில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

ஐப்பசி பிறந்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்தின் கீழுள்ள வட்டைகளில் (வயல்வெளிகளில்) உழவு மெசின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பெரும்போகத்தில் (மாரிமழைக் காலப் போகத்தில்) யூரியாவும் எண்ணெயும் (பூச்சிநாசினி, களைநாசினி) இல்லாமல் வேளாண்மை செய்து பார்த்தால் என்ன என்று இந்த வருடமும் சிலர் வந்து கேட்டார்கள். வரம்பில் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன். 2022 பெரும்போகத்தில் இருந்து நான் இழந்ததைக் கணக்குப் போட்டால் நாலு இலட்சம் ரூபாய்க்குக் கிட்ட வரும். என் பதக்கச் சங்கிலி அடகில் மூழ்கிப் போனது. ஆனாலும் நஞ்சில்லாத வேளாண்மை வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. அது நல்லது என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். எதை முதலில் செய்ய வேண்டும், யாரோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

எங்களுக்கு வவுணதீவுப் பக்கம் மூன்று ஏக்கர் வயல். மட்டக்களப்பு வழமைப்படி அம்மாவுக்கு வந்த காணி, பிறகு எனக்குச் சீதனமாக எழுதினது. காணி பெண்பிள்ளைகளின் பெயரில் இருந்தாலும் தண்ணீர், கூட்டம், மெசின் பேசுவது எல்லாம் ஆண்கள் பாடு என்றுதான் நானும் வளர்ந்தேன். என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போய், அப்பாவுக்கும் முழங்கால் ஏலாமல் வந்த பிறகு வயல் என் கைக்கு வந்தது. அது 2021. அந்த வருடம் மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது. நாடு முழுவதும் சேதன (இயற்கை) விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று, அப்போது ஜனாதிபதியாக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் இறக்குமதி செய்வதை ஒரேயடியாக நிறுத்தியது. இவ்வளவு நெல்லுக்கு இவ்வளவு தழைச்சத்து (நைதரசன்) வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று விவசாய விஞ்ஞானிகள் அப்போதே கேட்டார்கள். பதில் வரவில்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் கிருமி இருக்கிறது என்று இறக்க விடாமல் தடுத்தார்கள், பிறகு அந்தக் கம்பனிக்கு 67 இலட்சம் டொலர் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து நானோ யூரியா போத்தலில் வந்தது. கார்த்திகையில் தடையை எடுத்தபோது எங்கள் வட்டையில் விதைப்பு முடிந்திருந்தது. கதிர் உள்ளே உருவாகும் குடலைப் பருவத்தில் பயிர் வைக்கோல் நிறத்தில் நின்றது. அந்தப் போகத்தில் பட்ட அடியால்தான் எங்கள் பக்கத்தில் சேதனம் என்று வாயெடுத்தாலே ஆட்கள் எழும்பிப் போகிறார்கள். அவர்களில் நான் பிழை காணமாட்டேன். பல வருடமெடுத்து, நிலத்தையும் மாட்டையும் சந்தையையும் சேர்த்து மாற்ற வேண்டிய ஒரு காரியத்தை ஒரு வர்த்தமானியால் செய்யப் பார்த்ததில் அந்த நல்ல காரியத்தின் பெயரே கெட்டுப் போனது.

வட்டையே வெளிறிக் கிடந்த அந்தப் போகத்தில் எங்கள் மேல் கண்டத்தின் (வயல் துண்டின்) ஒரு மூலை மட்டும் கரும்பச்சையாக நின்றது. கால் ஏக்கர்கூட வராது. போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு குத்தைப் பிடுங்கினால் வேர் வெள்ளையாக, மண்ணைக் கவ்விக்கொண்டு வந்தது. மண் கையில் உதிர்ந்தது, மண்புழு எச்சம் குவியல் குவியலாகக் கிடந்தது. பத்தடி தள்ளிப் பிடுங்கிய குத்தின் வேர் மண்ணிறமாகி, கட்டையாக, சேற்று நாற்றத்தோடு வந்தது. அப்பாவிடம் கேட்டேன். "அது ஆடியில மாட்டுப்பட்டி கட்டின இடம் மகள்" என்றார். அந்த மூலைதான் என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது. இவரும் கட்டாரில் இருந்து தமிழ்நாட்டு இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயாவின் பேச்சுகளை அனுப்புவார். இரவில் கேட்டுக்கொண்டு படுப்பேன். 2022இல் கள்ளச் சந்தையில் யூரியா மூடை 40 ஆயிரம் வரை போனது. மூன்று ஏக்கரில் இரண்டை யூரியா இல்லாமல் செய்வது என்று முடிவெடுத்தேன். மூன்றாவதற்கு அளவாகப் பசளை போட்டோம். பின்னால் வீட்டுச் சோற்றையும் அடகு வட்டியையும் தாங்கியது அந்த ஒரு ஏக்கர்தான். ஆகவே முதலாவதாகச் சொல்கிறேன். எவ்வளவு ஆசை இருந்தாலும் முழுக் காணியையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். வீட்டுக்குச் சோறு போடும் கண்டத்தில் கை வைக்காதீர்கள்.

முதல் போகத்தில் என்னை அழ வைத்தது வைக்கோல். வைக்கோலை எரிக்காமல் மண்ணோடு சேர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது, எரித்து மழையில் விட்டால் அதில் எவ்வளவோ கழுவுண்டு போகும். ஆனால் எப்போது சேர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. விதைப்புக்குச் சற்று முன்னர் உழுது மடக்கினோம். வைக்கோலை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் என்பதும், மூன்று நாலு கிழமைக்குப் பயிருக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதும் பிறகுதான் தெரிய வந்தது. நெல் முளைத்து, மூன்று இலை விட்டு, அப்படியே மஞ்சளாகி நின்றுவிட்டது. ஒவ்வொரு நாள் விடியவும் வரம்பில் போய் நிற்பேன். பக்கத்து வயல்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார், பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வை எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. வைக்கோலை மடக்குவதென்றால் விதைப்புக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னர் மடக்குங்கள், அதோடு சாணமோ பச்சை இலையோ சேருங்கள். ஈரம் கிடைக்கவில்லை என்றால் வைக்கோலை ஒரு மூலையில் குவித்து உக்க வைத்து அடுத்த போகத்துக்குப் போடுங்கள்.

அடுத்தது தழைச்சத்துக் கணக்கு. இதை ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்காமல் ஒருவரும் இறங்கவேண்டாம். யூரியாவில் 46 வீதம் தழைச்சத்து. 50 கிலோ மூடையில் 23 கிலோ. எங்கள் பக்கம் மூன்றரை மாத நெல்லுக்கு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மூடை போடுவார்கள், அதாவது 40 கிலோவுக்கு மேல். நல்ல கூட்டெரு ஒரு தொன்னில் 10 முதல் 15 கிலோ தழைச்சத்து இருக்கும். அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெல்ல மெல்லத்தான் வெளிவரும். ஏக்கருக்கு ஒரு உழவு மெசின் பெட்டி கூட்டெரு போட்டுவிட்டு முப்பது மூடை வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஜீவாமிர்தமும் அப்படித்தான். பத்துக் கிலோ சாணம், மாட்டு மூத்திரம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மா, 200 லீட்டர் தண்ணீர் என்று கரைத்து விட்டால் மண்ணில் உயிர் பெருகும், நானும் விடுகிறேன். ஆனால் அந்தப் பத்துக் கிலோ சாணத்தில் இருக்கும் தழைச்சத்து ஒரு ஏக்கர் நெல்லுக்குக் காணாது. எனக்குக் கைகொடுத்தது மூன்று. வரம்பிலும் வேலியிலும் நட்ட கிளிறிசிடியா மரத்தின் இலை, ஒரு தொன் பச்சை இலையில் ஏழெட்டுக் கிலோ தழைச்சத்து இருக்கும். கோழிப் பண்ணை எரு. பெரும்போகம் வெட்டின ஈரத்தில் தூவிய பயறு, காயைப் பறித்துக்கொண்டு செடியை அப்படியே மடக்கிவிடலாம். கிளிறிசிடியா தடியை இன்றைக்கு நட்டால் இரண்டு வருடம் கழித்துத்தான் வெட்டும் அளவுக்கு இலை வரும். அதனால் யூரியாவை நிறுத்துவது பற்றி நினைப்பவர்கள் முதலில் தடி நடுங்கள், நிறுத்துவதைப் பிறகு பார்க்கலாம்.

களையைப் பற்றிப் பேசினால் இப்போதும் இடுப்பு நோகிறது. எங்கள் பக்கம் எல்லாம் விசிறி விதைப்பு. புல்லெண்ணெய் (களைநாசினி) அடிக்காமல் விசிறி விதைத்தால் நெற்சப்பி, கோழிச்சூடன் போன்ற களைகள் நெல்லை விட வேகமாக எழும்பும். களைநெல் வேறு. கதிர் தள்ளும் வரைக்கும் அதையும் நெல்லையும் பிரித்தறிவது கஷ்டம். கைக்களை பிடுங்கப் பெண்களைக் கூப்பிட்டேன். கூலியும் தேத்தண்ணியும் சாப்பாடும் சேர்த்து ஏக்கருக்கு 30 ஆயிரம் போனது, அதற்குப் பிறகும் களை திரும்ப வந்தது. முடிவில் இரண்டு ஏக்கரில் 26 மூடை. எங்கள் பக்கம் மூடைக்கு 66 கிலோ. யூரியா போட்ட ஏக்கர் மட்டும் 24 மூடை தந்தது. அந்த இரண்டு ஏக்கருக்கும் செலவு 2 இலட்சத்து 10 ஆயிரம், 5,500 ரூபாய்ப்படி விற்று வந்தது 1 இலட்சத்து 43 ஆயிரம். நஞ்சில்லாத நெல் என்று வியாபாரியிடம் சொன்னேன். "நெல்லு நெல்லுதானே தங்கச்சி" என்று மூடையைத் தூக்கித் தராசில் வைத்தார். இப்போது நான் களையை வயலுக்குள் இறங்கும் முன்னரே பார்க்கிறேன். முதல் உழவு அடித்துவிட்டு, களை முளைக்க இரண்டு கிழமை விட்டு, திரும்ப அடித்துத் தாட்டுவது. பிறகு மட்டம். பலகை அடித்து மேடு பள்ளம் இல்லாமல் எடுத்தால் இரண்டு அங்குலத் தண்ணீர் எங்கும் ஒரே அளவாக நிற்கும், தண்ணீர் நிற்கிற இடத்தில் களை பாதியாகிவிடும். நெல்லை விசிறாமல் நாற்று நடுகிறோம், கயிறு பிடித்து வரிசையாக. வரிசை இருந்தால்தான் தள்ளுகிற களை மெசின் ஓடும். நடுகைக் கூலி கூடத்தான், ஆனால் களைக்கூலியில் அது திரும்பி வந்துவிடும்.

அந்தப் போகத்தில் ஒரே ஒரு ஆறுதல். பக்கத்து வட்டையில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சி விழுந்து வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்துபோனபோது எங்கள் இரண்டு ஏக்கரில் அது பரவவில்லை. விடியற்புறம் பார்த்தால் கதிர்களுக்கு இடையில் சிலந்தி வலை பனியோடு பளபளக்கும். யூரியா கூடினால் பயிர் இளசாகி அறக்கொட்டியானுக்குத் தீனியாகும், எண்ணெய் அடித்தால் அதைத் தின்கிற சிலந்தி முதலில் சாகும், ஆகவே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டி வரும். இதைக் கண்ணால் கண்ட பிறகு திரும்ப எண்ணெய்க் கலன் தூக்க மனம் வரவில்லை.

மாட்டுப்பட்டி விஷயத்துக்கு வருகிறேன், மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை. பெரும்போகத்தில் வயல் எல்லாம் பயிராக இருக்கும்போது பட்டிக்காரர்கள் மாடுகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் கொண்டு போய்விடுவார்கள். வேளாண்மை வெட்டி முடிந்ததும் ஒட்டு (வெட்டின தாள்) மேய மாடு திரும்பி வரும். அந்த இடைவெளியில் இரவில் மாடுகளை வயலுக்குள் அடைத்துப் பட்டி கட்டினால் சாணமும் மூத்திரமும் நேரே மண்ணுக்குள் போகும், ஏற்றுக் கூலி இல்லை. எங்களுக்குத் தெரிந்த பட்டிக்காரப் பெரியப்பா ஒருவர், சாப்பாடும் வெட்டு முடிய ஒரு மூடை நெல்லும் பேசி, நாலைந்து இரவுக்கு ஒருமுறை பட்டியை இடம் மாற்றிக் கட்டித் தந்தார். இதை வைகாசியிலேயே பேசி வையுங்கள், புரட்டாதியில் போய்க் கேட்டால் மாடு புறப்படுகிற அவசரத்தில் நிற்பார்கள். "மேய்ச்சல் தரை போனா மாட்ட விக்கிறதுதான் மகள், மறுகா உங்கட வயலுக்கு ஆர் பட்டி கட்டுற?" என்று அவர் ஒருநாள் கேட்டார். மயிலத்தமடுவில் அத்துமீறிப் பயிர் செய்வதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்களே, அது பால்மாட்டுக்காரரின் பிரச்சினை என்று நம்மில் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். என் வயலின் பசளை அந்தத் தரையில்தான் மேய்கிறது. நெல் விவசாயி அந்தப் போராட்டத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெரிய இழப்பு வந்தது இரண்டாவது பெரும்போகத்தில். கொழும்பில் பாரம்பரிய அரிசி விற்கும் ஒருவர், சுவந்தல் நெல் விளைத்துத் தந்தால் கிலோ 200 ரூபாய்க்கு எடுப்பதாகச் சொன்னார். சாதாரண நெல் அந்த நேரம் 100 ரூபாய் வரைதான் போனது. விதையும் அவரே அனுப்பினார். எழுத்தில் ஒன்றும் இல்லை, போன் பேச்சுத்தான். இரண்டு ஏக்கர் சுவந்தலும் ஒரு ஏக்கர் பச்சைப்பெருமாளும் போட்டேன், இரண்டுமே பாரம்பரிய நெல். பச்சைப்பெருமாள் மூன்றரை மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். சுவந்தலுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வேண்டும். குளத்துத் தண்ணீரோ போகம் தொடங்க முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகிற திகதிப்படிதான் வரும். அங்கே எல்லோரும் போடுவது மூன்று, மூன்றரை மாத நெல், அதை வைத்துத்தான் விதைக்கும் திகதி, தண்ணீர் நிறுத்தும் திகதி, மாடு இறக்கும் திகதி எல்லாம். ஐந்து மாத நெல்லைத் தனியொருத்தி போட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எடுத்துப் பேசவில்லை, நானும் புதிது. மாசியில் வட்டை முழுவதும் வெட்டி முடிந்துவிட்டது. என் இரண்டு ஏக்கர் மட்டும் அப்போதுதான் பால் பிடித்து நின்றது. தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானை அண்ணன் நல்ல மனிதர், தன்னால் முடிந்த அளவு வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தார். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வேறு தீனி இல்லாமல் குருவிக்கூட்டம் முழுவதும் என் வயலில் இறங்கியது. ஒட்டு மேய வந்த மாடு ஒரு இரவு வேலியை முறித்துக்கொண்டு உள்ளே போனது. பிறகு யானை. அப்பா ஏலாத காலோடு வயல் வாடியில் (காவல் குடிலில்) யானைவெடி வைத்துக்கொண்டு படுத்தார், நான் வீட்டில் பிள்ளைகளோடு நித்திரை இல்லாமல் கிடந்தேன். வெட்டு மெசின்கள் எல்லாம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதால் தாக்கத்தியால்தான் வெட்டினோம். இரண்டு ஏக்கரில் மிஞ்சியது ஒன்பது மூடை.

அந்த ஒன்பதிலும் கொழும்புக்காரர் எடுத்தது நாலு. மீதியில் வேறு நெல் கலந்திருக்கிறது, ஈரம் கூட, அதோடு சான்றிதழ் இல்லை என்றார். கலப்பு இருந்தது உண்மை, அவர் அனுப்பிய விதையிலேயே இருந்தது, கதிர் வந்தபோது உயரத்திலும் நிறத்திலும் தெரிந்தது. நாலு மூடைக் காசிலும் பாதிதான் வந்தது, மீதி இன்றுவரை இல்லை. போன் எடுக்கமாட்டார். அந்த ஒரு போகத்தில் 2 இலட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. சங்கிலியைத் திருப்ப முடியாமல் போனதும் அப்போதுதான். இவர் போனில், "விடு புள்ள, உழைச்சு எடுப்பம்" என்றார். எனக்குக் காசை விட, வட்டைக்குள் தலை நிமிர்ந்து நடக்க ஏலாமல் போனதுதான் நொந்தது.

பாரம்பரிய நெல் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் அதன் வயதைக் கேளுங்கள், பிறகு உங்கள் குளத்தின் தண்ணீர்த் திகதியைக் கேளுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பெயர் எவ்வளவு மணமாக இருந்தாலும் விடுங்கள். மூன்றரை மாதத்துக்குள் வரும் பச்சைப்பெருமாள் எங்கள் வட்டைக்கு ஒத்துவந்தது. விதை எடுக்கும்போது முதலில் ஒரு சின்னப் பாத்தியில் போட்டுக் கலப்பைப் பாருங்கள். வாங்குகிறவரோடு எழுத்தில் பேசுங்கள். எத்தனை கிலோ, என்ன விலை, ஈரம் எத்தனை வீதம், யார் ஏற்றுக்கூலி, எத்தனை நாளில் காசு, விதை அவர் தந்ததென்றால் கலப்புக்கு யார் பொறுப்பு. நெல் சந்தைப்படுத்தும் சபையும் 14 வீத ஈரத்தில்தான் எடுக்கிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் கிலோவுக்கு நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபாய் என்று அறிவித்தபோதும் நஞ்சில்லாமல் விளைந்த நெல்லுக்கு என்று தனி விலை அதில் இல்லை. ஆகவே வாங்குகிறவரை விதைப்புக்கு முன்னரே, அதுவும் ஒருவருக்கு மேல், பார்த்து வைப்பது நம் பாடு. மெசினில் வெட்டினால் முதல் வரும் இரண்டு மூடையைப் புறம்பாக வையுங்கள், மெசின் முன்னர் வெட்டின வட்டையின் நெல் அதில்தான் கலந்து வரும்.

சான்றிதழ் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் சேதனச் சான்றிதழுக்கு, நெல் போன்ற பயிர் என்றால் விதைப்புக்கு முன்னர் இரண்டு வருடம் மாற்றக் காலம் வேண்டும். அந்த இரண்டு வருடமும் விளைச்சல் குறைவு, விலையும் கூடாது. அதோடு எங்கள் வயல்களில் தண்ணீர் வக்கடை (வரம்பில் வெட்டின திறப்பு) வழியாக மேல் வயலில் இருந்து கீழ் வயலுக்கு இறங்குகிறது. மேலே புல்லெண்ணெய் அடித்தால் எனக்கும் வரும். தனியொரு ஏக்கருக்கு இந்தச் சான்றிதழ் கட்டுப்படியாகாது. பிரேசிலிலும் இந்தியாவிலும் சிறு விவசாயிகள் பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்றை நடத்துகிறார்கள். விவசாயிகளும் வாங்குகிறவர்களும் சேர்ந்து குழுவாகி, ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்து, கேள்வி கேட்டு, எழுதி வைப்பது. உள்ளூரில் விற்பதற்கு அது போதும். நாங்களும் அந்த மாதிரியில்தான் இப்போது போகிறோம். மேல் வயல்காரரிடம் சண்டைக்குப் போகாமல், எண்ணெய் அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் வக்கடையைக் கட்டி வைப்பேன். அவர் ஒருநாளும் சொல்லத் தவறியதில்லை.

2024 பெரும்போகத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நவம்பர் கடைசியில் அடித்த புயல் மழையில் படுவான்கரை முழுவதும் தண்ணீர். நட்ட நாற்றும் போட்ட எருவும் ஒன்றாகப் போனது. யூரியா போட்டவர்களுக்கும் அதே கதிதான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். நட்டஈட்டுக்குக் கமநல சேவை நிலையப் பதிவு கேட்பார்கள். காணி என் பெயரில், பதிவு அப்பாவின் பெயரில். அதைச் சரிசெய்ய அலைந்த அலைச்சலில் பிந்திக் கிடைத்தது, அதுவும் செலவில் ஒரு பங்குதான். சீதனக் காணி வைத்திருக்கும் பெண்கள் எல்லோரும் தயவுசெய்து உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், கமக்காரர் அமைப்பில் நீங்களே அங்கத்தவராகுங்கள், ஆரம்பக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். திகதிகள் அங்கேதான் முடிவாகின்றன.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்னைப்போல் செய்து நொந்த இரண்டு மூன்று பெண்கள் இருப்பது தெரிய வந்தது. இத்தனை காலமும் ஆளுக்கு ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்திருக்கிறோம். இப்போது சேர்ந்து செய்கிறோம். நாற்று நடுகைக்கு ஒருவர் வயலுக்கு மற்றவர்கள் போவது, கூலி இல்லை, சாப்பாடு மட்டும். பெரிய மில்லில் நம் சிறு அளவைத் தனியாகப் போடமாட்டார்கள், அதனால் சின்ன மில் ஒன்றில் நாள் பேசி, மெசினைத் துப்புரவாக்கி எல்லோருடைய நெல்லையும் அன்றைக்கே குத்துகிறோம். தீட்டாத அரிசி என்பதால் தவிட்டு எண்ணெய் கசந்துபோகும், வண்டும் சீக்கிரம் பிடிக்கும். ஆகவே நெல்லாகவே வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் குத்துங்கள். டவுனில் ஆசிரியர்கள், சீனி வருத்தக்காரர் உள்ள வீடுகள் என்று மாதாமாதம் எடுக்கிறார்கள். கிலோ 320 ரூபாய். பெரிய இலாபம் இல்லை, ஆனால் காசு கையில் அன்றைக்கே வருகிறது, அரிசி சாப்பிடுகிறவரின் முகம் தெரிகிறது.

2025 செப்டெம்பரில் உலகம் முழுவதிலும் இருந்து விவசாயிகள், மீனவர், மேய்ச்சல்காரர், பழங்குடி மக்கள் எல்லாம் கண்டியில் கூடினார்கள், மூன்றாவது நியெலெனி மன்றம் என்று. முதலாவது 2007இல் மாலியில் நடந்தது. என்ன விளைவிப்பது, எப்படி விளைவிப்பது, யாருக்கு விற்பது என்பதை விளைவிப்பவர்களும் உண்பவர்களும் முடிவு செய்ய வேண்டும் என்பதைத்தான் உணவு இறைமை என்கிறார்கள். வியா கம்பெசினா என்ற உலக விவசாயிகள் இயக்கம் 1996இல் ரோமில் முன்வைத்த கருத்து அது. இலங்கையிலும் மொன்லார் என்கிற காணி, விவசாய மறுசீரமைப்பு இயக்கம் நெடுங்காலமாக இதைப் பேசி வருகிறது. எனக்கு இதெல்லாம் முன்னரே தெரிந்திருந்தால் இவ்வளவு தனிமை இருந்திருக்காது. அதேநேரம் இந்த இயக்கங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மண்ணின் மகிமையைப் பேசும் அளவுக்கு மாற்றக் காலத்துக் காசையும் பேசுங்கள். முதல் இரண்டு மூன்று போகம் விளைச்சல் விழும், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று கேளுங்கள். 2021இல் அரசாங்கம் விவசாயியின் தலையில் போட்டதை இயக்கங்களும் போடக்கூடாது.

இந்தப் போகம் ஒன்றரை ஏக்கர் யூரியா இல்லாமல், மீதிக்கு வழக்கத்தில் பாதிப் பசளை, பூச்சி எண்ணெய் எங்கும் இல்லை. பட்டி ஆவணியிலேயே கட்டி முடிந்தது, வரம்புக் கிளிறிசிடியா இப்போது இரண்டாம் வெட்டு. ஏக்கருக்கு 18 மூடை வந்தால் எங்கள் விலைக்குக் கணக்குச் சரி. பச்சைப்பெருமாள் விதைக்கென்று கால் ஏக்கர் புறம்பாக விடுகிறோம். தமிழ்நாட்டில் நெல் ஜெயராமன் ஐயா இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கினாரே, அதே ஒழுங்கில் தருகிறோம். வேண்டியவர்கள் தை பிறக்கும் முன்னர் சொல்லி வையுங்கள். கதிர் வந்ததும் கலப்புப் பிடுங்க ஒருநாள் எங்களோடு வயலில் இறங்குங்கள், எது பச்சைப்பெருமாள், எது களைநெல் என்று கையில் பிடித்துக் காட்டித்தான் விதை தருவோம்.